சொன்னபடி அடித்துத் தரப்படும்

பிள்ளைகளே, இதில் வருகிற யாருக்கும் நான் பெயர் வைக்கப்போவதில்லை. பெயர் சொன்னால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் வீடு தெரியும். வீடு தெரிந்தால் ஒரு பிள்ளையின் முகம் தெரிந்துவிடும். அது கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் கூடாதுதான். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எழுதமாட்டேன். தமிழில் 'பிள்ளை' என்று ஒரு சொல் இருப்பது நல்லதாகப் போயிற்று, இரண்டு பேருக்கும் பொது. குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டமும் அப்படித்தான், இரண்டு பேருக்கும் பொது.

நான் எழுத நினைத்தது ஒரு அக்காவைப் பற்றி. அவர் பெயரைச் சொன்னாலும் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகையால் அவரும் வெறும் அக்காதான்.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்கு நடக்கிற வழியில் பல சந்துகள் உண்டு. அதில் ஒன்றில் அக்காவின் டைப் அடிக்கிற கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், முன்பக்க வலை கழன்றுபோன ஒரு டேபிள் ஃபேன், வருகிறவர்கள் உட்கார ஒரு சுற்றுகிற நாற்காலி. வாசலில் தகரப் பலகை: 'தமிழ், மலையாளம், இங்கிலீஷ். சொன்னபடி அடித்துத் தரப்படும்.' எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பலகை பெரிய வேடிக்கை. "சொன்னா அடிப்பாங்களாம்லே" என்று சிரித்துக்கொண்டு ஓடுவார்கள்.

நான் சாலையில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்தில் பத்தாவது வரை படித்துவிட்டு வந்தவன். எங்கள் குடியிருப்பில் மனு, கடிதம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொல்லச் சொல்ல அக்கா அடிப்பார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமை என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா நாஞ்சில் நாட்டுக்காரர். கைக்கடிகாரத்தை வலது கையில், முகம் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நாம் பேசும்போது நம்மைப் பார்க்கமாட்டார். கண்ணை மூடி, வலது காதை நம் பக்கம் சாய்த்துக்கொள்வார். விரல் மட்டும் ஓடும். முடிந்ததும் ஜீரகத் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "வாசிக்கேன், கேளுங்க" என்பார். அடித்ததை முழுக்க உரக்க வாசிக்காமல் ஒரு தாளையும் பிரிண்டரில் விட்டதில்லை. அவசரம் என்று எவ்வளவு குதித்தாலும் சரி. நமக்குத் தலை வெடிக்கும்.

எங்கள் வீட்டு வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், ஓடை அடைத்துக்கொண்டது என்று கார்ப்பரேஷனுக்கு மனு கொடுக்கப் போனார். நானும் கூட இருந்தேன். அக்கா வாசித்தார்: "...மேற்படி ஓடை இரண்டு வாரமாக அடைத்துக் கிடக்கிறது. அவனுகளுக்கு மூக்கு இருக்கா இல்லியா? இருந்தா ஒருநா வந்து மோந்து பாக்கச் சொல்லு."

பெரியவர் பதறிவிட்டார். "ஏ யம்மா, அதையுமா அடிச்ச?"

"நீங்க சொன்னியளே."

"அது கோவத்துல சொன்னதும்மா."

"கோவத்துல சொன்னதும் சொன்னதுதான். எடுங்கன்னு சொல்லுங்க, எடுக்கேன்."

பெரியவர் யோசித்தார். "இருக்கட்டு. இருந்துட்டுப் போட்டு" என்றார். ஆள் வந்தது அந்த வாரமே.

இன்னொரு நாள் ஒரு அம்மா, பிள்ளைக்குப் பனி, பள்ளிக்கூடம் வரவில்லை என்று எழுதித் தரக் கேட்டார். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வார்கள், மலையாளத்தில் அப்படி. நான் சும்மா இருக்காமல், "பனின்னா மார்கழி மாசத்துல பெய்யுமே, அதாக்கா? காய்ச்சல்னு போடுங்க" என்றேன். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "காய்ச்சல் அவங்க பிள்ளைக்கா, உங்களுக்கா தம்பி? அவங்க பனின்னு சொன்னாங்க. பனின்னுதான் அடிப்பேன். அடுத்தவங்க வார்த்தையில கை வைக்கப்பிடாது."

இந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். கிறுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருந்த கட்டடத்தில் மாடியில் ஆறு வீடுகள். ஆறும் தமிழ்க் குடும்பங்கள். கீழே வீட்டுக்காரர் இருந்தார். அவரும் தமிழர்தான். கோயில் கொடைத் திருவிழா வசூலுக்கு முதல் சீட்டு அவர் பெயரில்தான் கிழிப்பார்கள். பிள்ளைகள் அவரை மாமா என்பார்கள். அவர் வீட்டில் பெரிய டி.வி. இருந்தது. நாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பிள்ளைகள் அங்கே போய்ப் பார்க்கும். பிஸ்கட் கொடுப்பார். நாங்கள் நன்றி சொல்வோம். நன்றி சொன்னோம் பிள்ளைகளே.

பள்ளிக்கூடம் திறந்த மழை மாதத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லியது. பிள்ளையின் அம்மா என் மனைவியிடம் சொல்லி அழுதாள். மனைவி என்னிடம் சொன்னாள். கீழ் வீட்டு மாமா அந்தப் பிள்ளையிடம் எந்தப் பெரியவரும் நடந்துகொள்ளக் கூடாத விதத்தில் நடந்திருக்கிறார். இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான விஷயம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கவில்லை. போலீசுக்குப் போகவில்லை. பிள்ளையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வம்பு வேண்டாம்டே. நாம வாடகைக்கு இருக்கவனுக. டி.சி. வாங்கி ஊருல சேத்துரு. பிள்ளை மறந்துரும்" என்று புத்தி சொன்னேன். நானேதான் கடிதமும் சொல்கிறேன் என்றேன்.

நானும் பிள்ளையின் அப்பாவும் பிள்ளையுமாக அக்கா கடைக்குப் போனோம். பிள்ளை சுற்றுகிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்: "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு... எங்கள் பிள்ளை தங்கள் பள்ளியில் பயின்று வருகிறது... குடும்ப சூழ்நிலை காரணமாக..."

அக்காவின் விரல்கள் ஓடின. நாற்காலி கிறீச்சென்று சுற்றியது. பிள்ளை வாசல் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. திடீரென்று, "அத்தை, சொன்னா அடிப்பீங்களா?" என்று கேட்டது.

அக்கா கண்ணைத் திறந்தார். சிரிக்கவில்லை.

"அது அந்த அடி இல்ல மக்கா. நீ சொன்னா நான் இந்தப் பெட்டியில அடிக்கேன். அவ்வளவுதான்."

"என்ன சொன்னாலும் அடிப்பீங்களா?"

"என்ன சொன்னாலும்."

பிள்ளை நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தியது. "கீழ் வீட்டு மாமா இருக்காரு. அதான் நாங்க ஊருக்குப் போறோம். சொன்னா அம்மா அடிப்பான்னு மாமா சொன்னாரு. அம்மா அடிக்கல."

பிள்ளையின் அப்பா வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜீரகத் தண்ணீர் ஒரு மடக்கு.

"வாசிக்கேன், கேளுங்க. மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு. எங்கள் பிள்ளை தங்கள் பள்ளியில் பயின்று வருகிறது. குடும்ப சூழ்நிலை காரணமாக. கீழ் வீட்டு மாமா இருக்காரு. அதான் நாங்க ஊருக்குப் போறோம். சொன்னா அம்மா அடிப்பான்னு..."

"யக்கா, நிப்பாட்டுங்க! அதெல்லாம் லெட்டர்ல வராது. எடுங்க அத" என்றேன்.

"நீங்க சொன்னத எடுக்கணும்னா நீங்க சொல்லுங்க, எடுக்கேன். பிள்ளை சொன்னத எடுக்கணும்னா பிள்ளைதான் சொல்லணும்." நாற்காலிப் பக்கம் திரும்பினார். "எடுக்கட்டா மக்கா?"

"வேண்டாம்" என்றது பிள்ளை.

பிள்ளையின் அப்பா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். அக்கா பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினில் கையை வைத்துப் படம் எடுக்கிற விளையாட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டு, என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். குரல் தாழ்த்தித்தான் பேசினார். அறைந்தது மாதிரி இருந்தது.

"குடும்ப சூழ்நிலை. பத்து வருஷமா இதே வார்த்தையை அடிச்சிட்டிருக்கேன் தம்பி. வருஷத்துக்கு எத்தனை டி.சி., எத்தனை லெட்டர். சொன்னபடி அடிச்சேன், சொன்னபடி வாசிச்சேன். அதுல எத்தனை பிள்ளை இருந்துதோ, யாரு கண்டா? நீங்கள்லாம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. தெரிஞ்ச எழுத்த வச்சு மூடிப்போடுதீங்க."

"அக்கா, நாங்க வாடகைக்கு இருக்கவங்க..."

"வாடகைக்கு இருந்தா பிள்ளை வாடகைப் பிள்ளையா? இந்த மாதிரி ஒண்ணு தெரிஞ்ச பிறகு போலீஸ்ல சொல்லாம இருந்தா அதுவே குத்தமாக்கும். சட்டத்துல இருக்கு. எனக்கு இப்பத் தெரிஞ்சாச்சு. நீங்க போகலன்னா நான் போவேன்."

அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போனோம். அக்கா கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பத்து நிமிஷ வேலை. பெண் அதிகாரி வெளியே போயிருந்தார். மேஜையில் இருந்த போலீஸ்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எனிக்கு தமிழ் நல்லோணம் அறியாம் கேட்டோ. எத்ர தமிழ் சினிமா கண்டிட்டுள்ளதா!" தமிழ் நன்றாகத் தெரியும், எத்தனை தமிழ்ப் படம் பார்த்திருக்கிறேன் என்கிறார். எங்களுக்கும் அதைக் கேட்டதும் தெம்பு வந்தது. பிள்ளை யூனிபார்மைப் பார்த்து ஒடுங்கிப்போய், தரையைப் பார்த்துக்கொண்டு நாலைந்து வார்த்தை சொல்லியது. அவர் மலையாளத்தில் எழுதினார். பிள்ளையின் அப்பா கையெழுத்துப் போட்டார்.

பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குவதற்கு என்று சட்டத்தில் வழி சொல்லியிருக்கிறது. பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி கேட்க வேண்டும். யூனிபார்ம் போட்டிருக்கக் கூடாது. பிள்ளை பேசுகிற மொழி வேறு என்றால் மொழி தெரிந்தவரை வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். இதில் ஒன்றுகூட அன்று நடக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. போலீஸ்காரர் எழுதுகிறார், நல்லதுதான் என்று வாசலில் கைகட்டி நின்றேன்.

மறுநாள் ஸ்டேஷனில் கொடுத்த காப்பியை அக்காவிடம் கொண்டுபோனோம். எங்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அக்கா வரிவரியாகத் தமிழில் அடித்துவிட்டு வாசித்தார்: "மாமன் கதவை அடைத்தார். என்னைப் பிடிக்கவில்லை."

"சரியாத்தானே இருக்கு" என்றார் பிள்ளையின் அப்பா. "பிடிக்கலைன்னுதான் அது சொல்லிச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. அக்கா மட்டும் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பிள்ளை 'என்னை'ன்னு சொல்லிச்சா?"

"இல்லக்கா. பிடிக்கலைன்னு மட்டும்தான். ஒரே வார்த்தை."

"அதான். பிள்ளை சொன்னது, எனக்குப் பிடிக்கல, இஷ்டமில்லைன்னு. மலையாளத்துல பிடிக்கிறதுன்னா கையால பிடிக்கிறதுதான். இந்த ஆளு சினிமா பாத்த தமிழ வச்சு, பிடிச்சுக்கிடலைன்னு நினைச்சு, தொடவேயில்லைங்கிற மாதிரி எழுதிட்டாரு. சொல்லாத ஒரு வார்த்தையையும் சேத்துட்டாரு." அக்காவின் கை மேஜையில் ஓங்கி விழுந்தது. "மாமன் கதவை அடைச்சாரு, என்னைத் தொடல. இதக் கோர்ட்டுல வாசிச்சா வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போத்தி அனுப்புவாங்க!"

பிள்ளைகளே, ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளை வாய் திறந்தது மொத்தமும் போயிருந்தது. இனி யார் கேட்டாலும், நீதானே தொடவில்லை என்று சொன்னாய் என்பார்கள்.

அக்கா கடையைப் பூட்டவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஸ்டேஷனில் அதே போலீஸ்காரர்.

"ஒரு வாக்கல்லே சேச்சீ? அதிலெந்தா இத்ர?" ஒரு வார்த்தைதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்றார்.

"ஒரு வாக்காணு சாரே" என்றார் அக்கா. "அது குட்டியுடெ வாக்காணு." ஒரு வார்த்தைதான், ஆனால் அது பிள்ளையின் வார்த்தை என்கிறார். பிறகு கோபத்தில் அவருக்குத் தமிழே வந்துவிட்டது. "அடுத்தவங்க வார்த்தையில கை வைக்கப்பிடாது. பிள்ளை மேல ஒருத்தன் கை வச்சான்னு சொல்ல வந்தா, நீங்க அதோட வார்த்தையில கை வைக்கீங்க!"

உள்ளேயிருந்து பெண் அதிகாரி எழுந்து வந்தார். அக்கா அவர் முன்னால் தாளை விரித்து, விரலை வைத்து, தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை விளக்கினார். அதிகாரியின் முகம் சிவந்தது. போலீஸ்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையிடம் மறுபடி கேட்க வேண்டும், எங்கே வைத்துக் கேட்கலாம் என்றார். பிள்ளையைக் கேட்டதற்கு, "சுத்துற நாற்காலிக் கடையில" என்றது.

அப்படித்தான் மறுநாள் காலையில் அந்த அதிகாரி சாதாரணச் சுடிதாரில் சந்துக்குள் நடந்து வந்தார். உள்ளே அவர், பிள்ளை, பிள்ளையின் அம்மா, அக்கா. நான் பாதி இறங்கிய ஷட்டருக்கு வெளியே காவல். அதிகாரி மலையாளத்தில் கேட்பதும், அக்கா தமிழில் கேட்பதும், நாற்காலி கிறீச்சிடுவதும் காதில் விழுந்தது. நடுவில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்போது அக்கா மலையாளத்தில் சொன்னது கேட்டது: குட்டி ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததையும் அப்படியே எடுத்துச் சொல்கிறார்! பிறகு பிள்ளையின் குரல், தெளிவாக.

"மாமா பிடிச்சாரு. எனக்குப் பிடிக்கலை."

தமிழில் இரண்டும் ஒரே வார்த்தை. அக்கா மலையாளத்தில் சொன்னபோது அவை வேறு வேறு வார்த்தைகளாக இருந்தன. முதலாவது அவன் செய்தது. இரண்டாவது பிள்ளையின் மனசு. இந்த இரண்டு வாக்கியத்தை எழுதட்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன். இப்போது அது கல்லூரி வயசுப் பிள்ளை. எழுதியது முழுவதையும் வாசித்தும் காட்டினேன். "எழுதலாம் பக்கத்து வீட்டப்பா" என்றது. அன்றிலிருந்து அது யாரையும் மாமா என்று கூப்பிடுவதில்லை.

கேஸ் பதிவானது தெரிந்ததும் எங்கள் ஆட்கள் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. "கொடைக்கு முதல் ஆளா நிக்குற மனுசன்யா", "பிள்ளைக டி.வி. பாத்துட்டு என்னத்தையாவது சொல்லும்", "கேரளாவுல வந்து நம்மாளு மேலயே நாம கேஸ் குடுக்கிறதா?" குழாயடியில் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள். அந்த ஆளின் பெயரைச் சொல்ல மட்டும் எல்லாருக்கும் நாக்குக் கூசியது. பெரியவர், பெரியவர் என்றார்கள். என் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அடுத்தவன் வீட்டு விவகாரத்துல உனக்கு என்னலே சோலி?" என்றார். எங்கள் இரண்டு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். செய்தோம்.

இங்குள்ள தமிழர் சங்கத்து ஆள் ஒருவர் அக்கா கடைக்கே வந்தார். சமாதானக் கடிதம் ஒன்று அடிக்க வேண்டுமாம், பிள்ளையின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்களாம். நான் ஜெராக்ஸ் எடுக்கப் போய் அங்கே நின்றிருந்தேன். அவருக்கு என்னைத் தெரியாது. அக்கா கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார். அவர் சொன்னார். விரல்கள் ஓடின. நடுவில் அவருக்குத் தொலைபேசி வந்தது, பேசினார். விரல்கள் நிற்கவில்லை. கடைசியில் அக்கா எழுந்து நின்று, சந்து முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தார்.

"வாசிக்கேன், கேளுங்க. எங்கள் பிள்ளை விளையாட்டாகச் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டோம். பிள்ளையோட படிப்புச் செலவ அவரு பாத்துக்கிடுவாருன்னு சேத்துப் போடலாமா, வேண்டாமா? வேண்டாம், போட்டா மாட்டிக்குவோம். யம்மா, இத வெளியே யாருட்டயும் சொல்லாத. ஹலோ அண்ணாச்சி, ஆமா, அடிச்சிட்டிருக்கு, அவன் கையெழுத்துப் போட்டுருவான், பயந்த பய..."

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பூ வாங்க நின்ற இரண்டு பெண்கள் திரும்பினார்கள்.

"நிப்பாட்டும்மா! அதெல்லாமா அடிப்பாங்க?"

"பலகையை வாசிச்சுட்டுத்தானே வந்தியோ? சொன்னபடி அடிச்சிருக்கேன். பிரிண்ட் எத்தனை காப்பி வேணும்?"

ஆள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். அக்கா ஒரு காப்பி எடுத்து, அந்தப் பெண் அதிகாரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் நான் சிரித்தேன்.

அதன் பிறகு காத்திருந்தோம். இப்படிப்பட்ட கேஸைக் கூடியவரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு தடவை வக்கீல் வரவில்லை. ஒரு தடவை கோர்ட்டில் ஆள் இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் பிள்ளை முந்தின நாள் சாப்பிடாது. சட்டம் எழுதினவர்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நடத்த வேண்டியவர்கள் பிள்ளை ஒரு வருஷத்தில் எவ்வளவு வளரும் என்று நினைத்துப் பார்த்தார்களா?

ஏனென்றால் அந்த மூன்று வருஷத்தில் பிள்ளை மாறிவிட்டது. வீடு மாறிய பிறகு மலையாளப் பள்ளிக்கூடம், மலையாளச் சிநேகிதர்கள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லும். ஒருவழியாகச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட நாளில், அக்கா வெளுத்த சேலை கட்டி, மூக்குக்கண்ணாடி துடைத்து, மொழிபெயர்க்கத் தயாராக வந்தார். பிள்ளையோடு உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் தனியாக வெளியே வந்தார். எந்த மொழியில் சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டதற்குப் பிள்ளை மலையாளம் என்று சொல்லிவிட்டதாம். அம்மாவை மட்டும் கூட இருக்கச் சொல்லி, அக்கா வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"எனக்கு அங்க வேலை இல்ல தம்பி" என்றார். "பிள்ளை சொல்லத் தமிழே தீந்துபோற வரைக்கும் இழுத்திருக்காங்க பாருங்க." வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் வேலை இல்லாமல் அக்காவை நான் பார்த்தது அன்றுதான். விரல்கள் மடியில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தன.

உள்ளே நடந்ததைப் பிள்ளையேதான் பிறகு என்னிடம் சொல்லியது. எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டார்: போலீஸிடம் முதலில் சொன்னது பிடிக்கவில்லை என்றுதானே? பிள்ளை பதில் சொல்லியது: "அன்னு ஞான் தமிழிலாணு பறஞ்ஞது." அன்றைக்கு நான் தமிழில் சொன்னேன். அந்தத் தமிழுக்கு என்ன அர்த்தம் என்பதையும் அதுவே மலையாளத்தில் நீதிபதிக்கு விளக்கிவிட்டது. அக்கா சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைகளையும் அதுவே தனித்தனியாகப் பிரித்துச் சொல்லியது.

தண்டனை கிடைத்தது. மேல்கோர்ட்டுக்குப் போனார்கள், அங்கேயும் நின்றது. அக்கா இப்போது அந்தச் சந்தில் இல்லை. கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். மகளோடு எங்கோ இருக்கிறார் என்று கேள்வி. நான் சொல்லி அவர் அடித்த அந்த முதல் தாள், 'குடும்ப சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி ஒரு பிள்ளையின் குரலில் முடிகிற அந்தத் தாளை, கேஸ் முடிந்த பிறகு என்னிடம் கொடுத்தார். "உங்க வார்த்தையும் இதுல இருக்கு தம்பி, வச்சுக்கிடுங்க" என்றார். வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாருக்கும் அந்த மூன்று வார்த்தையை நான் எழுதிக் கொடுத்ததில்லை.

நான் மறக்காதது கோர்ட் வராந்தாவில் நடந்ததுதான். கதவு திறந்து பிள்ளை வெளியே வந்தது. அம்மாவின் கையை விட்டுவிட்டு நேரே பெஞ்சுக்கு வந்து அக்கா முன்னால் நின்றது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு தமிழில் பேசியது.

"அத்தை, ஜட்ஜ் நான் சொன்னத டைப் பண்ண வச்சாங்க. முடிஞ்சதும் போகலாம்னாங்க. நான் போகல. எழுதுனத வாசிச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன்."

"வாசிச்சாங்களா மக்கா?" என்று கேட்டார் அக்கா.

"முழுசும் வாசிச்சாங்க."

"சரியா இருந்துதா?"

"ஒரு எடத்துல தப்பு இருந்தது" என்றது பிள்ளை. "மாத்தச் சொன்னேன். மாத்திட்டாங்க."